ஒளுச் செய்த தண்ணீர் எங்கே போகிறது?

பிக்ஹு கிதாபுகளில் எதை எடுத்துப் புரட்டினாலும் முதல் பாடம் தண்ணீரைப் பற்றியதாகவே இருக்கும். தொழுகைக்கு முன் தஹாரத். தஹாரத்துக்கு முன் தண்ணீர். எந்தத் தண்ணீர் தானும் சுத்தமாயிருந்து பிறவற்றையும் சுத்தமாக்கும், எது சுத்தமாயிருந்தும் பிறவற்றைச் சுத்தமாக்காது, எது நஜீஸ் என்றெல்லாம் நம் இமாம்கள் நுணுகி ஆராய்ந்து வகுத்துத் தந்திருக்கிறார்கள். நிறம், சுவை, வாடை என்ற மூன்று அடையாளங்களை மதரஸாவில் ஓதும் சிறு பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

இவையெல்லாம் தண்ணீர் நம்மிடம் வந்து சேரும்போது நாம் கேட்கும் கேள்விகள். அது நம்மை விட்டுப் போகும்போது நாம் என்ன கேட்கிறோம்? ஒளுச் செய்து எழுந்த மனிதர் முகத்தைத் துடைத்துக்கொண்டு பள்ளிக்குள் நுழைந்துவிடுகிறார். அவர் முகத்திலிருந்தும் கையிலிருந்தும் வழிந்த தண்ணீர் சுவரின் துவாரம் வழியே வெளியே போகிறது. வெளியே என்றால் எங்கே? பக்கத்துச் சந்துக்கு. சந்திலிருந்து? யாரோ ஒருவர் வீட்டு வாசலுக்கு. அவர் யாரென்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

தூய்மை ஈமானின் ஒரு பகுதி என்பதை நாம் அனைவரும் அறிவோம். என் உடம்பில் இருந்த அழுக்கை இன்னொருவர் வாசலுக்குத் தள்ளிவிட்டு நான் தூய்மையாகிவிட்டேன் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டா? சாக்கடை கட்டுவதைப் பற்றிய கேள்வியாக இது வெளிப்பார்வைக்குத் தோன்றலாம். உண்மையில் இது மறுமையில் நாம் பதில் சொல்லவேண்டிய கேள்வி என்றே கருதுகிறேன். ஆகவே இதை இந்தப் பக்கங்களில் சற்று விரிவாகச் சிந்திப்போம்.

ஒரு கரிசல் ஊரின் கணக்கு

பொதுப்படையாகப் பேசினால் விஷயம் மனதில் நிற்காது. விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டை வட்டத்தில் உள்ள ஏழாயிரம்பண்ணையை எடுத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் பாளையப்பட்டாக விளங்கிய ஊர். இன்று பட்டாசும் தீப்பெட்டியும் சோறு போடுகிற வட்டாரம். பட்டாசு ஆலையில் வேலை முடிந்து வருகிறவர்களின் கையிலும் முகத்திலும் அலுமினியப் பவுடரும் மருந்துத் தூளும் படிந்திருக்கும். வீடு திரும்பியதும் அவர்களுக்கு முதற் காரியம் குளியல்தான். உழைத்துவிட்டு வந்த உடம்புக்கு அது அவசியமும்கூட.

நாட்டின் ஒவ்வொரு கிராமத்து வீட்டுக்கும் குழாய்த் தண்ணீர் கொடுக்கவேண்டும் என்று 2019-ல் மத்திய அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது அதில் வகுத்த அளவு. ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு 275 லிட்டர் ஆகிறது. வீட்டுக்குள் வரும் தண்ணீரில் ஏறக்குறைய நூற்றுக்கு 80 பங்கு கழிவாக வெளியேறும் என்பது பொறியாளர்கள் வழக்கமாகப் போடும் கணக்கு. அப்படியானால் ஒரு வீட்டிலிருந்து நாள்தோறும் 220 லிட்டர். ஆயிரம் வீடுகள் உள்ள ஊரானால் 2 லட்சத்து 20 ஆயிரம் லிட்டர். பத்தாயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகளில் ஏற்றினால் நாள்தோறும் 22 லாரி! தண்ணீர் வரும் லாரியை எதிர்பார்த்துக் குடத்துடன் நின்று பழகியவர்கள் நாம். நம் வீடுகளிலிருந்து தினந்தினம் போய்க்கொண்டிருக்கும் இந்த 22 லாரித் தண்ணீரை நாம் கண்டுகொண்டதே இல்லை.

இவ்வளவும் எங்கே போகும்? இந்த மாவட்டத்தில் ஆண்டுக்குப் பெய்யும் மழை சராசரியாக 800 மில்லி மீட்டரை ஒட்டியதுதான். ஆண்டு முழுவதும் ஓடி அழுக்கை அடித்துச் செல்லும் ஆறு இங்கே கிடையாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறக்கும் வைப்பாறு மழைக்காலம் தவிர மற்ற நாட்களில் பெரும்பாலும் மணலாகவே கிடக்கிறது. மண்ணோ கரிசல். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஈரம் பட்டதும் உப்பி அடைத்துக்கொள்ளும். செம்மண் ஊர்களில் குழி வெட்டிக் கல்லைப் போட்டுவிட்டால் தண்ணீர் பூமிக்குள் இறங்கிவிடும். கரிசலில் அதே குழி சில நாளில் நிரம்பி வழியும். வழிந்த தண்ணீர் தெருவில் தேங்கும். தேங்கிய சாக்கடையில் யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு முட்டையிடும். குழந்தைகள் அதிலேதான் செருப்பில்லாமல் நடந்து பள்ளிக்கூடம் போகும்.

மழை மிகுந்த ஊர்களில் இந்தத் தொல்லை இல்லையே என்று சிலர் நினைக்கலாம். ஆனைமலையின் மழைக்காடுகளுக்கு நடுவே இருக்கும் வால்பாறையை நினைத்துப் பாருங்கள். அதற்கு அண்மையில் உள்ள சின்னக்கல்லாறு தமிழகத்திலேயே மிகுதியாக மழை பெறும் இடங்களில் ஒன்று. அப்படிப்பட்ட மலையூர்களில் அழுக்கு வாசலில் தேங்கி நிற்பதில்லை. மழை அதை ஓடைக்கு இழுத்துச் செல்கிறது. ஓடை அதை அடிவாரத்தில் இருப்பவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. அடைமழையில் கழிவுத் தொட்டிகளே நிரம்பி மிதப்பதும் உண்டு. வறண்ட ஊரில் அழுக்கு பக்கத்து வீட்டுக்காரனை வருத்துகிறது. மழைக்காட்டு ஊரில் நாம் கண்ணால் பார்த்திராத ஒருவனை வருத்துகிறது. பார்க்கவில்லை என்பதனால் அவனுக்குரிய ஹக்கு இல்லாமல் போய்விடுமா?

முதல் சமாதானம்: வாசலைத் தாண்டிவிட்டது

இந்தப் பேச்சை எடுத்தால் மூன்று சமாதானங்கள் சொல்லப்படும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

என் வாசலைத் தாண்டிப் போய்விட்டது, இனி அது என் பொறுப்பல்ல என்பது முதலாவது. மார்க்கம் இதை ஏற்கிறதா? நீர்த்துறையிலும், மக்கள் நடக்கும் பாதையிலும், அவர்கள் ஒதுங்கும் நிழலிலும் மலம் கழிப்பது சாபத்துக்குரியது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததை அபூதாவூது போன்ற ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். இந்த மூன்றிலும் பொதுவாக இருப்பதைக் கவனியுங்கள். அசுத்தம் செய்தவன் எழுந்து போய்விட்டான். அவனுக்கும் அதற்கும் உள்ள தொடர்பு முடிந்துவிட்டது. அதன் பிறகு தண்ணீர் மொள்ள வருபவன், வழியே நடப்பவன், வெயிலுக்கு ஒதுங்குபவன் ஆகியோருக்கு நேரும் துன்பத்துக்காகத்தான் முதலாமவன் சாபத்துக்கு உள்ளாகிறான். நாம் விட்டுச் சென்றது யாரைத் துன்புறுத்துகிறதோ அதுவரை நம் பொறுப்பு நீளுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டுமா?

ஓடாமல் தேங்கி நிற்கும் தண்ணீரில் சிறுநீர் கழிக்கலாகாது என்றும் தடுத்திருக்கிறார்கள். பாதையில் கிடக்கும் துன்பம் தரும் பொருளை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்றும் போதித்திருக்கிறார்கள். முள்ளை அகற்றுவது ஈமானின் கிளையானால் சாக்கடையைப் பாதையில் விடுவது எதன் கிளை? எவனுடைய தொல்லையிலிருந்து அயலான் பத்திரமாக இல்லையோ அவனுடைய ஈமானைப் பற்றி நாயகம் (ஸல்) அவர்கள் எவ்வளவு கடுமையாகப் பேசியிருக்கிறார்கள் என்பதையும் ஜும்ஆ மேடைகளில் கேட்டிருக்கிறோம். அயலான் என்றதும் வாய்ச் சண்டை, வரப்புச் சண்டை மட்டுமே நம் நினைவுக்கு வருகிறது. நம் குளியலறைக் குழாயின் மறுமுனையில் இருப்பவனும் அயலான்தான். அவன் எந்த மதத்தவனாயினும் அயலானே.

இரண்டாவது சமாதானம்: என் பங்கு அற்பம்

ஊரே ஊற்றுகிறது, என் ஒரு வீட்டுத் தண்ணீரால் என்ன ஆகிவிடும் என்பது இரண்டாவது. பார்த்தால் நியாயம் போலத் தோன்றும். 22 லாரித் தண்ணீரில் என் பங்கு இருபத்திரண்டு குடம்கூடத் தேறாதே!

இதற்கு விடை தருவது போல் அமைந்திருக்கிறது புகாரியில் வரும் கப்பல் உவமை. ஒரே கப்பலில் சிலருக்கு மேல்தளமும் சிலருக்குக் கீழ்த்தளமும் சீட்டுப் போட்டுக் கிடைத்தன. கீழே இருந்தவர்கள் தண்ணீருக்காக ஒவ்வொரு முறையும் மேலே ஏறிவர வேண்டியிருந்தது. மேலே உள்ளவர்களுக்குத் தொந்தரவு கொடுப்பானேன், நம் பங்கில் நாமே ஒரு துளை போட்டுக்கொள்வோம் என்று அவர்கள் எண்ணினார்கள். விட்டுவிட்டால் எல்லோரும் அழிவார்கள். கையைப் பிடித்துத் தடுத்தால் எல்லோரும் பிழைப்பார்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள்.

இந்த உவமையில் துளை போட நினைத்தவர்கள் தீயவர்கள் என்று சொல்லப்படவில்லை. அவர்கள் தேடியது தண்ணீர். அவர்கள் நோக்கம் பிறருக்குத் தொந்தரவு தராமல் இருப்பது. துளையும் தங்கள் பங்கில்தான், அதுவும் சிறியதுதான். இருந்தும் கப்பல் மூழ்கும். நல்ல நோக்கமும், சிறிய பங்கும், சொந்த இடமும் ஆகிய இந்த மூன்றும் சேர்ந்தாலும் கூட்டுத் தீங்குக்குச் சமாதானமாகா என்பதை இந்த உவமை எவ்வளவு அழகாக விளக்கிவிடுகிறது! என் வீட்டுத் தண்ணீர் மட்டும் ஓடினால் தெரு காய்ந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் என் வீட்டுத் தண்ணீர் தனியாக ஓடவில்லையே. ஆயிரம் பேர் ஆளுக்கொரு சிறு துளை போடும் கப்பலில் என்னுடையதும் ஒன்று.

இந்தக் கண்டிப்பைக் கேட்டு யாரும் மனம் தளரவேண்டாம். எந்த ஆத்மாவையும் அதன் சக்திக்கு மீறி அல்லாஹ் சிரமப்படுத்துவதில்லை. தினக்கூலியில் ஐந்து வயிற்றை நிரப்பும் குடும்பத்தலைவி சுத்திகரிப்புத் தொட்டி கட்டவில்லையே என்று கேள்வி கேட்கப்படமாட்டாள். தெரிந்ததும், இயன்றதும் எவையோ அவற்றுக்குத்தான் கணக்கு. ஆனால் தனியாக இயலாதது பத்து வீடுகள் சேர்ந்தால் இயலும் என்று தெரிந்த பிறகும் சேராமல் இருந்தால், அந்தச் சேராமைக்குக் கணக்கு உண்டு.

மூன்றாவது சமாதானம்: அது அரசாங்கத்தின் வேலை

சாக்கடை ஊராட்சியின் பாடு, நமக்கென்ன என்பது மூன்றாவது. வரி செலுத்துகிறோம், கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு; கேட்கவும் வேண்டும். ஆனால் கேட்டதோடு கடமை தீர்ந்ததா?

பர்ளு கிபாயா என்ற சொல்லை நாம் அறிவோம். ஊரில் ஒருவர் மவுத்தாகிவிட்டால் அவரைக் குளிப்பாட்டிக் கபனிட்டு அடக்குவது ஊரார் அனைவர் மீதும் கடமை. சிலர் செய்துவிட்டால் மற்றவர்கள் மீது கடமை நீங்கும். ஒருவருமே செய்யாவிட்டால் ஊர் முழுவதும் குற்றவாளி. மையித்தை அடக்க அதிகாரி வரட்டும் என்று எந்த ஜமாஅத்தும் காத்திருந்ததில்லை. மக்களின் உயிரையும் சுகத்தையும் காக்கும் பொதுக் காரியங்களையும் நம் அறிஞர்கள் இந்தக் கணக்கில்தான் சேர்த்திருக்கிறார்கள்.

இது நடக்கக்கூடிய காரியமா என்று கேட்பவர்களுக்குக் கராச்சி நகரத்து ஒரங்கியைச் சொல்லலாம். ஏழைத் தொழிலாளர்கள் குடியேறி வாழ்ந்த பெரிய பகுதி அது. தெருவெங்கும் சாக்கடை. ஆக்ராவில் பிறந்து, ஆங்கிலேயர் காலத்து ஐ.சி.எஸ். பதவியை உதறியவரான அக்தர் ஹமீது கான் 1980-ல் அங்கே சென்றார். யாருக்கும் இலவசமாக எதையும் கட்டித் தரவில்லை. இருபது முப்பது வீடுகள் கொண்ட ஒவ்வொரு சந்தும் தனக்கென ஒருவரைத் தேர்ந்தெடுத்து, பணத்தைத் தானே வசூலித்து, குழாயைத் தானே பதிக்கவேண்டும்; அளவெடுத்துக் கொடுப்பதும் முறையைச் சொல்லித் தருவதும் மட்டுமே எங்கள் வேலை என்றார். கான்ட்ராக்டர் லாபமும் தரகும் இல்லாததால் செலவு சாமானியர் தாங்கும் அளவுக்கு இறங்கிவிட்டது. அப்படியே சந்து சந்தாகப் பல்லாயிரம் வீடுகள் இணைந்தன.

இதில் ஒரு குறையும் இருந்தது; அதையும் சொல்வதே நேர்மை. சந்துச் சாக்கடையை மக்கள் கட்டினார்கள்; பெரிய வாய்க்காலும் சுத்திகரிப்பு நிலையமும் அரசின் பங்கு என்று விடப்பட்டன. அந்தப் பங்கு நிறைவேறாத இடங்களில் சந்து சுத்தமாயிற்று. அழுக்கு ஓடை வழியாகக் கடலுக்குப் போயிற்று. ஆகவே பாதி வழியோடு நின்றுவிடலாகாது. தண்ணீரை வாசலிலிருந்து அகற்றுவது ஒரு காரியம். அதன் தீங்கை அகற்றுவது வேறொரு காரியம்.

குழிக்குள் இறங்கும் மனிதன்

வீட்டுக்கு வீடு கழிப்பறை வந்துவிட்டது. நல்லதுதான். அதன் கீழே இருப்பதைச் செப்டிக் டேங்க் என்கிறோம். முறையாகக் கட்டிய தொட்டியில் கனமானது அடியில் படியும், எண்ணெய்ப்பசை மேலே மிதக்கும், காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் கசடைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செரிக்கும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கசடை எடுத்துவிடவேண்டும். பல வீடுகளில் இருப்பதோ தளமே போடாத உறைக்கிணறு. அழுக்கு அடியில் கசிந்து குடிதண்ணீர்க் கிணற்றைத் தேடிப் போகும். அல்லது நிரம்பி நிற்கும்.

நிரம்பினால் என்ன செய்கிறோம்? ஆள் கூப்பிடுகிறோம். பத்துப் பதினைந்து ஆண்டு மூடிக் கிடந்த தொட்டியில் மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் தங்கியிருக்கும். மூச்சுக்கு வேண்டிய காற்று இருக்காது. இறங்கிய மனிதன் சில நிமிடத்தில் மயங்கி விழுவான்; காப்பாற்ற இறங்கியவனும் விழுவான். மனிதர் கையால் மலம் அள்ள வைப்பதையும், பாதுகாப்பில்லாமல் தொட்டிக்குள் ஆளை இறக்குவதையும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. சாக்கடையில் மாண்டவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் தீர்ப்பளித்தது. 2023-ல் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. தொகையை உயர்த்த வேண்டி வந்ததே சாவு நிற்கவில்லை என்பதற்குச் சாட்சி.

ஒரு துளி சிறுநீர் ஆடையில் பட்டால் தொழுகை கூடுமா என்று ஆலிமிடம் ஓடிச் சென்று மஸ்அலா கேட்கிறோம். கேட்கவேண்டியதுதான். சிறுநீர் விஷயத்தில் பேணுதல் இல்லாதவருக்குக் கப்ரில் வேதனை உண்டென்ற எச்சரிக்கையை நாம் அறிந்தவர்கள் அல்லவா? ஆனால் நம் ஆடையில் ஒரு துளி படக்கூடாது என்று அஞ்சுகிற நாம், இன்னொரு மனிதனைக் கழுத்தளவு அதே நஜீஸில் இறக்கிவிட்டு, அது அவர்கள் தொழில் என்று சொல்லிவிடுகிறோம். அவர்கள் என்ற அந்தச் சொல்லை இஸ்லாம் நமக்குக் கற்றுத் தரவில்லை. ஆதமின் மக்கள் அனைவரையும் கண்ணியப்படுத்தியிருப்பதாக அல்லாஹ் அறிவித்த பிறகு, அழுக்கில் இறங்குவதற்கென்றே பிறந்த மனிதன் எவனும் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் சாதி நம் வீட்டுப் பின்வாசல் வழியாக உள்ளே நுழைந்திருக்கிறது என்பதை நாம் வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளவேண்டும்.

நஜீஸ் என்றும் நஜீஸ்தானா?

இங்கே மார்க்க ரீதியாக ஒரு சந்தேகம் எழும். அழுக்குத் தண்ணீரை என்ன செய்தாலும் அது அழுக்குத் தண்ணீர்தானே, அதைச் சுத்தம் செய்வதால் என்ன பயன் என்பார்கள்.

நம் கிதாபுகள் அப்படிச் சொல்லவில்லை. கிணற்றில் எலி விழுந்து செத்தால் இருபது வாளி, கோழி செத்தால் நாற்பது வாளி, ஆடு செத்தால் முழுத் தண்ணீரும் இறைக்கவேண்டும் என்று ஹனபி மத்ஹபின் சட்டத்தைப் பாட்டிமார்கூட அறிந்திருந்தார்கள். கெட்ட தண்ணீரை மீட்க முடியும் என்பதல்லவா அதன் பொருள்? செத்த பிராணியின் தோல் பதனிட்டால் சுத்தமாகிறது. மது தானாகவே காடியாக மாறினால் ஹலாலாகிறது. கிணற்றுக்கும் சாக்கடைக் குழிக்கும் எத்தனை முழம் இடைவெளி வேண்டும் என்றுகூட நம் முன்னோர் விவாதித்திருக்கிறார்கள். முழக்கணக்கைவிட நஜீஸின் அடையாளம் தண்ணீரில் தெரிகிறதா என்பதே முக்கியம் என்று சிலர் முடிவு கூறினார்கள்.

சுத்திகரித்த கழிவுநீரைப் பற்றி நேராகவே கேள்வி எழுந்தபோது சவூதி அரேபியாவின் மூத்த உலமாக்கள் குழு 1978-ல் ஒரு தீர்மானம் செய்தது. நஜீஸின் நிறம், சுவை, வாடை மூன்றும் அறவே நீங்கும்படி முழுமையாகச் சுத்திகரித்துவிட்டால் தண்ணீர் தன் பழைய தூய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. அதைக் கொண்டு ஒளுவும் குளிப்பும் கூடும். ஆரோக்கியத்தை முன்னிட்டுக் குடிப்பதைத் தவிர்ப்பது மேல் என்பது அதன் சாரம். மக்காவில் ராபிதாவின் பிக்ஹு சபை 1989-ல் இதே வழியில் தீர்மானித்தது. நம் சென்னையிலேயே கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019-ல் தொடங்கிய இரண்டு நிலையங்கள் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை மிக உயர்ந்த தரத்துக்குச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கும் திறன் உடையவை.

ஏழாயிரம்பண்ணை போன்ற ஊருக்கு இவ்வளவு தேவையில்லை. நாம் அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் வேண்டாம், அதில் ஒளுச் செய்யவும் வேண்டாம். பிறருக்குத் தீங்கில்லாமல் ஒரு மரத்தின் வேருக்குப் போய்ச் சேர்ந்தால் போதும். அதற்கு மின்சாரமே வேண்டாத முறைகள் இருக்கின்றன. தொட்டியில் கசடு படிந்தபின், தடுப்புச் சுவர்கள் வைத்த அறைகளில் தண்ணீர் மேலும் கீழுமாக ஏறி இறங்கும்போது நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்கின்றன. பிறகு கல்வாழையும் நாணலும் நட்ட ஜல்லிப் படுகையில் ஊறிச் செல்லும். கடைசியில் வெயில் படும் குளத்தில் தங்கும். புதுச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனையில் இம்முறை பயன்பட்டு வருகிறது. இறுகிய கரிசலிலும் இது செய்யலாம். ஏனெனில் தண்ணீரை மண் குடித்துத் தீரவேண்டும் என்று இம்முறை எதிர்பார்ப்பதில்லை.

தொட்டிக் கசடுக்கும் வழி உண்டு. கர்நாடகத்தின் தேவனஹள்ளியில் 2015-லும், நம் செங்கல்பட்டுப் பக்கத்துக் கருங்குழியில் 2017-லும் கசடு சுத்திகரிப்பு நிலையங்கள் ஏற்பட்டன. மூடிய லாரி குழாய் போட்டு உறிஞ்சி வந்து அங்கே கொட்டுகிறது, ஆள் இறங்குவதில்லை. கருங்குழியும் தேவனஹள்ளியும் மாநகரங்கள் அல்ல என்பதை நினைவில் வையுங்கள்.

பள்ளிவாசலிலிருந்து தொடங்குவோம்

எங்கே தொடங்குவது? ஒளுச் செய்யும் இடத்திலிருந்தே தொடங்கலாம்.

ஒளுவில் பயன்பட்ட தண்ணீர் நம் இரு மத்ஹபுகளின் முடிவான சொற்படியும் சுத்தமானதே. மீண்டும் ஒளுவுக்கு மட்டும் ஆகாது. ஊரில் வெளியேறும் தண்ணீர்களில் இதைவிட அழுக்குக் குறைந்தது வேறில்லை. சோப்புகூட அதிகம் கலப்பதில்லை. அதைச் சாக்கடையோடு சேர்த்து நாசமாக்குவதைவிட மணலும் ஜல்லியும் நிரப்பிய ஒரு சிறு தொட்டி வழியாகப் பள்ளியின் தென்னைக்கும் வேம்புக்கும் திருப்பிவிடலாம். கழிப்பறைத் தண்ணீர் இதனோடு கலவாதபடி தனிக் குழாய் வேண்டும், அவ்வளவுதான். பள்ளியில் நடந்ததைக் கண்ணால் கண்டால் தெருவுக்கும் அதே யோசனை பரவும்.

அடுத்தது அளவு. நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து தண்ணீரில் ஒளுவும், ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரையிலான தண்ணீரில் குளிப்பும் முடித்துக்கொண்டதாக அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். முத்து என்பது முக்கால் லிட்டருக்கும் குறைவு. ஓடும் ஆற்றங்கரையிலும் வீண்விரயம் கூடாதென்று ஓர் அறிவிப்பு இப்னு மாஜாவில் உண்டு. தொடர் பலவீனமானது என்று ஹதீஸ் கலையினர் சொன்னாலும் அதன் கருத்தை நம் அறிஞர்கள் ஏற்றே வந்திருக்கிறார்கள். ஒருநாள் குழாயடியில் வாளியை வைத்து நாம் ஒளுவுக்கு விடும் தண்ணீரை அளந்து பாருங்கள். வீணாகத் திறந்துவிட்ட ஒவ்வொரு குவளையும் தெருவில் இன்னொரு குவளைச் சாக்கடை. இதை வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரவேண்டியவர்கள் தாய்மார்களே.

கடைசியாக ஒன்று. மதீனாவில் ரூமா கிணற்றை விலைக்கு வாங்கி மக்களுக்கு விட்டுக்கொடுத்த உதுமான் (ரலி) அவர்களை நினைக்காத உள்ளம் உண்டா? ஹாஜிகளுக்காக மக்காவுக்குக் கால்வாய் வெட்டுவித்த ஸுபைதா அம்மையாரைப் புகழாத வாய் உண்டா? அவர்களைப் பின்பற்றி நாமும் தண்ணீர்த் தொட்டி கட்டுகிறோம், போர் போடுகிறோம், மவுத்தான பெற்றோரின் பெயரைக் கல்லில் பொறித்து ஸதகா ஜாரியா என்று மனம் நிறைகிறோம். வரும் தண்ணீருக்கு இத்தனை தர்மம். போகும் தண்ணீருக்கு ஒரு செங்கல் கொடுத்தவர் யார்? எந்தச் சாக்கடை மூடியிலாவது எவருடைய பெயராவது பொறித்திருக்கக் கண்டீர்களா?

பெயர் பொறிக்க மனம் வராத இடத்தில்தான் இக்லாஸ் சோதிக்கப்படுகிறது. குடிக்கத் தண்ணீர் கொடுப்பது தாகத்தைத் தீர்க்கிறது. கெட்ட தண்ணீரை நல்வழிப்படுத்துவது நோயைத் தடுக்கிறது, ஒரு மனிதனைக் குழியிலிருந்து காக்கிறது, அண்டை வீட்டுக் குழந்தையின் காலைக் காக்கிறது. இவையும் ஓடிக்கொண்டே இருக்கும் நன்மைகள் அல்லவா? முத்தவல்லிகளும் ஜமாஅத்தாரும் வசதி படைத்தோரும் அடுத்தமுறை தண்ணீர்த் தொட்டிக்குப் பணம் ஒதுக்கும்போது, அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் இடத்துக்கும் ஒரு பங்கு ஒதுக்குவார்களாக. ஊராட்சியோடும் அண்டை அயலில் வாழும் பிற சமயச் சகோதரர்களோடும் கூடி உட்கார்ந்து இதைப் பேசுவார்களாக. சாக்கடைக்குச் சமயம் கிடையாது. அதனால் வரும் காய்ச்சலுக்கும் கிடையாது.

நாளைக் காலை பஜ்ருக்கு ஒளுச் செய்யும்போது, காலைக் கழுவி முடித்ததும் ஒரு கணம் குனிந்து பாருங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கவனியுங்கள். தொழுகை முடிந்ததும் அது போகும் வழியே பத்தடி நடந்து சென்று யார் வாசலில் அது நிற்கிறது என்று பாருங்கள்.

நம் உடலையும் உள்ளத்தையும் தெருவையும் தூய்மையாக்கி, நம்மால் எவருக்கும் தீங்கு நேராத வாழ்வை எல்லாம் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.